எல் எழுத்தில் தொடங்கிய சுண்ணாம்பு

எண்பதுகளின் நடுவில், அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். செக்ஷன் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டிய ஒரு குளிர்சாதன அறை, பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், திரையும் கீபோர்டுமாகச் சில டெர்மினல்கள், பக்கத்தில் யார் பேசினாலும் கேட்காதபடி சத்தம் போடும் ஒரு பிரிண்டர். ஆட்கள் இரண்டே பேர். செக்ஷன் அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே நான்.

எங்கள் குடும்பம் மீன்சுருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன்தான் முதலில் வயலை விட்டு வெளியே வந்தான். அதே ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, வெடி வைத்துச் சரித்த கல்லை லாரியில் அள்ளிப் போடும் பெரிய மெஷினை ஓட்டுகிற அளவுக்கு உயர்ந்தான். திருச்சியில் என்னைக் கணிதம் படிக்க வைத்தவனும், அது முடிந்ததும் கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு அனுப்பியவனும் அவன்தான். இருவரும் அரியலூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவன் ஷிஃப்டு நேரத்துக்குப் போவான், நான் காலையில் டவுன் பஸ்ஸில் போவேன்.

சம்பளக் கணக்கு, ஸ்டோர்ஸ் கணக்கு தவிர, எங்கள் செக்ஷன் தினமும் காலையில் ஒரு தாளை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். சுரங்கத்திலிருந்து வரும் கல்லை லேபில் சோதித்து, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று நூற்றுக்கு இத்தனை எனக் குறித்து அனுப்புவார்கள். அந்த எண்களை எங்கள் புரோகிராமில் போட்டால், தரமான கல் எந்த அளவு, மட்டமான கல் எந்த அளவு, களிமண்ணும் இரும்புத்தாதுவும் எந்த அளவு சேர்த்து அரைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கலவைதான் சூளைக்குள் போய் வெந்து, பிறகு சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டிகளாக வெளியே வரும். கலவையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் சரியாக வேகாது. நிலக்கரி வீணாகும், சிமெண்டின் தரமும் கெடும்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு சூளை தகராறு செய்ய ஆரம்பித்தது. தினமும் செய்திருந்தால் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் வேகாத சுண்ணாம்போடு கிளிங்கர் வெள்ளை வெள்ளையாக வந்து விழும். ஒர்க்ஸ் மேனேஜர் கூட்டம் போட்டார். லேப் சரியாகத்தான் சோதிக்கிறது, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, ஆக சுரங்கத்தில்தான் நல்ல கல்லையும் மட்டக் கல்லையும் ஒன்றாக அள்ளிப் போடுகிறார்கள் என்று முடிவாயிற்று. மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதில் அண்ணனும் ஒருவன்.

அன்று சாயங்காலம் அண்ணன் அந்தத் தாளை என்னிடம் நீட்டினான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"பாப்பா, இதுல என்னதான் எழுதியிருக்கானுங்க, படிச்சுச் சொல்லு."

சொன்னேன். சோற்றுத் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"போர்மேன் கொடி நட்டுக் காட்டுன எடத்துலதான் அள்ளுறோம். தள்ளி அள்ளுனா அவரே வுட மாட்டாரு. எங்க கல்லுல குத்தம் இருந்தா தெனமுல்ல இருக்கணும்? ஒரு நாளு நல்ல கல்லு, ஒரு நாளு கெட்ட கல்லா அள்ளிப் போடுறோம்?"

ஒரு நாள் நல்லது, ஒரு நாள் கெட்டது என்று அவன் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று கூட்டத்தில் சொன்னவர்கள் யாரும் அந்தப் புரோகிராமைப் படித்தவர்கள் இல்லை. நானும் படித்ததில்லை. எனக்கு முன்பே எழுதப்பட்டது, ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். முதலில் அதைப் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அதற்கு முன் லேபுக்குப் போனேன். அங்கே பெரம்பலூர்க்காரர் ஒருவர் கெமிஸ்டாக இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நல்ல வேலைக்காரர், ஆனால் யாருக்கும் அடங்காத வாய். கம்ப்யூட்டர் அறையை 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்வார்.

"என்ன மேடம், ஐஸ் ஹவுஸ விட்டு வெயிலுக்கு வந்திருக்கீங்க?"

சூளை நன்றாக ஓடிய நாட்களுக்கும் கெட்ட நாட்களுக்குமான சோதனை எண்கள் வேண்டும் என்றேன்.

"எடுத்துக்குங்க. ஆனா கல்லுதான் மேடம் காரணம். உங்க பேப்பர்படி போட்டா சில நாளு சுண்ணாம்பு ஏறிடுது. ஏறுதேன்னு நான் நல்ல கல்லைக் கொஞ்சம் கொறச்சேன். பேப்பர்ல உள்ளபடி ஏன் போடலைன்னு எனக்கும் ஒரு மெமோ குடுத்துட்டாங்க."

"பேப்பரே தப்பா இருந்தா?"

அவர் சிரித்தார். "அதை உங்க ஆபீசர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா இன்னொரு மெமோ வரும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அந்த எண்களை வைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டேன். நல்ல நாட்களில் என் கணக்கும் கம்ப்யூட்டர் தாளும் ஏறத்தாழ ஒத்துப்போயின. கெட்ட நாட்களில் ஒத்துப்போகவில்லை. தாள் ஒவ்வொரு முறையும் தேவைக்கு அதிகமாக நல்ல கல்லைக் கேட்டிருந்தது. இரண்டு வகை நாட்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கல்லில் சுண்ணாம்பு நாற்பத்து மூன்று புள்ளி ஒன்று என்று இருந்த நாள் நல்ல நாள். நாற்பத்து மூன்று புள்ளி ஒன்பது என்று இருந்த நாள் கெட்ட நாள். புள்ளிக்குப் பின்னால் இருந்த எண் பெரிதாகப் பெரிதாக சூளைக்கும் தொல்லை கூடியிருந்தது.

புரோகிராமை முழுவதும் அச்சடித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியது. அந்த மொழியில் ஒரு பெயரைப் பயன்படுத்தும்போது அது எந்த வகை எண் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். முழு எண்ணா, புள்ளி வைத்த எண்ணா என்று. அறிவிக்காமலும் விடலாம். விட்டால், பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து அதுவே ஊகித்துக்கொள்ளும். 'ஐ' முதல் 'என்' வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் முழு எண், மற்றவை புள்ளி எண். முழு எண் என்று முடிவு செய்த பெயரில் நாற்பத்து மூன்று புள்ளி ஒன்பதைப் போட்டால் புள்ளி ஒன்பதை வெட்டி எறிந்துவிட்டு நாற்பத்து மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் கொடுக்காது.

சுண்ணாம்புக்கு அந்தப் புரோகிராமில் வைத்திருந்த பெயர் 'லைம்'. முதல் எழுத்து எல்.

தாளின் மேல்பக்கத்தில் லேப் கொடுத்த எண் அப்படியே, புள்ளியோடு அச்சாகும். அதனால் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளே கணக்கு நடந்தது வெட்டுப்பட்ட எண்ணை வைத்து. கல்லில் சுண்ணாம்பு குறைவு என்று நினைத்துக்கொண்டு புரோகிராம் நல்ல கல்லை அதிகம் கேட்டிருக்கிறது. பழைய அச்சுப்படி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் அந்தப் பெயர் சி எழுத்தில் தொடங்கிய வேறொரு பெயராக இருந்தது. அப்போது கணக்கும் சரியாகவே நடந்திருக்கிறது. படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று எங்கள் அதிகாரிதான் மழைக்காலத்தில் பெயர்களை மாற்றியிருந்தார். நல்ல எண்ணத்தில் செய்த வேலை.

அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"பேரை மாத்துனா கணக்கு மாறுமாம்மா?"

"இந்த பாஷைல மாறும் சார்."

டெர்மினலில் உட்கார்ந்து பெயரைப் பழையபடி மாற்றி, ஒரு கெட்ட நாளின் எண்களைப் போட்டு ஓட்டிக் காட்டினேன். என் கைக்கணக்கில் வந்த விடைக்கு வெகு அருகில் வந்தது. அவர் திரையில் இருந்த எண்களை என் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சரிம்மா. இப்படியே மாத்தி வச்சிடு. இனிமே சரியா வரும். இதை வெளிய பேசிக்க வேணாம்."

"வரும் சார். ஆனா சுரங்கத்துல நோட்டீஸ் வாங்கினவங்க இருக்காங்க. லேப்ல மெமோ வாங்கினவரு இருக்காரு."

"உங்க அண்ணனுக்காகச் சொல்ற."

"அண்ணனுக்காகவும்தான் சார். நீங்க சொல்லலைன்னா நான் மேனேஜரைப் பாக்க வேண்டியிருக்கும். எனக்கு அது புடிக்கல. நீங்களே சொன்னா நல்லாருக்கும்."

சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து நிரந்தரம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். போனால் போகட்டும், சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை என்று இறங்குமிடம் வருவதற்குள் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது அதிகாரி புரோகிராமின் பழைய அச்சுப்படி, புதிய அச்சுப்படி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"சொல்லிட்டேன்ம்மா. வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டேன். நோட்டீசு, மெமோ எல்லாத்தையும் வாபஸ் வாங்கிடுவாங்க. இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன செய்யணுமோ அதை நீ பாரு."

நான் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் 'அறிவிக்காத பெயரை ஏற்காதே' என்று கட்டளையிட வழி இல்லை. ஆனால் குறுக்கு வழி ஒன்று இருந்தது. ஊகிக்கும்போது எல்லாப் பெயரையும் 'ஆம், இல்லை' வகையாகவே ஊகித்துக்கொள் என்று புரோகிராமின் தலையில் ஒரு வரி எழுதிவிடலாம். ஆம், இல்லை என்பதை வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாது. எனவே அறிவிக்க மறந்த பெயர் எதுவாக இருந்தாலும், புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் அந்த இடத்திலேயே நின்று பிழை என்று சொல்லிவிடும். கலவைக் கணக்கின் தலையில் அந்த வரியைச் சேர்த்தேன். பிழைகள் பக்கம் பக்கமாக வந்தன. மக்னீசியமும், இரும்பும், ஈரப்பதமும்கூட 'ஐ' முதல் 'என்' வரையிலான எழுத்துகளில் தொடங்கிய பெயர்களில்தான் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அறிவித்துச் சரிசெய்தேன். கணக்குப் போடும் பகுதியைத் தனியாகப் பிரித்து, வேறு புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்துகிற மாதிரி எழுதி வைத்தேன். கண்டிப்பான புரோகிராம், இதில் இனி ஒரு புள்ளி தப்பாது என்று நம்பினேன்.

பெரம்பலூர்க்காரருக்கு மெமோ வாபஸ் ஆனதிலிருந்து கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்துவிட்டது. லேபில் ஒரு டெர்மினல் இருந்தது. புதிதாக வெட்டிய பள்ளத்துக் கல்லை இப்படிக் கலந்தால் என்ன ஆகும், அப்படிக் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அவரே சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுத ஆரம்பித்தார். எதையும் அறிவிக்க மாட்டார். நினைத்த பெயரை வைப்பார், ஓட்டுவார், பார்ப்பார், அழிப்பார். அவசரத்துக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கடைசிக் கணக்குக்கு மட்டும் என்னுடைய கண்டிப்பான பகுதியைக் கூப்பிட்டுக்கொள்வார்.

ஒருநாள் போன் வந்தது.

"மேடம், உங்க கண்டிப்பான புரோகிராமு இரும்புத்தாதுவ அள்ளிக் கொட்டச் சொல்லுது. கொட்டிடட்டுமா?"

"இருங்க, வரேன்."

நல்லவேளையாக அவர் தாளைப் பார்த்த உடனேயே நிறுத்திவிட்டிருந்தார். சூளைக்கு எதுவும் போகவில்லை. ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. அவருடைய புரோகிராமில் இரும்புக்கு 'அயர்ன்' என்று பெயர் வைத்திருந்தார். முதல் எழுத்து ஐ. அறிவிக்காததால் அது முழு எண். என்னுடைய பகுதி அதைப் புள்ளி எண் என்று எதிர்பார்த்தது. இரண்டையும் தனித்தனியாகக் கம்பைல் செய்து பிறகுதான் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது இங்கிருந்து கொடுப்பதும் அங்கே வாங்குவதும் ஒரே வகையா என்று அந்த மொழி பார்ப்பதே இல்லை. முழு எண்ணாக வந்ததை என் பகுதி புள்ளி எண்ணாகப் படித்தபோது, அது ஏறத்தாழ பூஜ்யமாகத் தெரிந்திருக்கிறது. கல்லில் இரும்பே இல்லை என்று எடுத்துக்கொண்டு தாதுவைக் கொட்டச் சொல்லியிருக்கிறது. என் பகுதிக்குள் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே வருவதை நான் சோதிக்கவே இல்லை.

இதைக் கேட்டதும் எங்கள் அதிகாரி ஒரு உத்தரவு போட்டார். ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர், இரண்டாவது முறைக்குத் தயாராக இல்லை. லேப் உட்பட இனி எல்லாப் புரோகிராமிலும் அந்தக் கண்டிப்பு வரி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டக் கூடாது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் ஆரம்பித்ததைத்தானே அவர் முழுமையாக்குகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து லேபுக்குப் போனேன். டெர்மினல் மேல் உறை போர்த்தியிருந்தது. உறை மேல் சுண்ணாம்புத் தூசி படிந்து கிடந்தது. கெமிஸ்ட் ஒரு தாளில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கம்ப்யூட்டர் வேணாமா?"

"வேணாம் மேடம். நான் ஒன்னு தெரிஞ்சிக்கணும்னு உக்காந்தா, அது என்கிட்ட நூறு கேள்வி கேக்குது. இது என்ன வகை, அது என்ன வகைன்னு. எனக்கே தெரியாதுன்னுதான பாக்க வந்தேன். அதுக்குப் பென்சிலே தேவல."

"பென்சில்ல தப்பு வராதா?"

"வரும். வந்தா அழிச்சிக்குவேன்."

அவர் மேல் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது அதே கோபத்தோடுதான் யோசித்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க அவர் பக்கமும் நியாயம் தெரிந்தது. அவர் லேபில் போட்டுப் பார்க்கிற கணக்கு தப்பானால் ஒரு தாள்தான் வீண். எதைப் போட்டால் என்ன வரும் என்று தேடுகிற நேரத்தில் கையைக் கட்டினால் தேடுவதையே விட்டுவிடுவார். சூளைக்குப் போகிற கணக்கு தப்பானால் கதை வேறு. இரண்டுக்கும் ஒரே சட்டம் எதற்கு? அவர் எப்படி எழுதுகிறார் என்பதில் தலையிடாமல், அவருடைய எண் சூளைக் கணக்குக்குள் நுழைகிற அந்த இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தால் போதாதா?

அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்டிப்பா இருக்கணும்னு சொன்னதே நீதான்ம்மா. இப்ப நீயே தளர்த்தச் சொல்ற. பாதிப் புரோகிராம் இப்படி, பாதி அப்படின்னு வச்சிக்கிட்டா நாளைக்கு எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"முதல் வரியைப் பாத்தா தெரியும் சார். அந்த வரி இருந்தா சூளைக்குப் போற புரோகிராமு. இல்லாட்டி லேபோட நிக்கிற புரோகிராமு."

"அன்னிக்கு இரும்பு உள்ள வந்துச்சே?"

"நேராக் கூப்பிட வுட்டதால வந்துச்சு சார். இனிமே நேராக் கூப்பிட முடியாது. ஒரு வாரம் குடுங்க. சரியா வரலைன்னா உங்க உத்தரவே இருக்கட்டும்."

கொடுத்தார். கண்டிப்பான பகுதியை வேறு எந்தப் புரோகிராமும் நேரடியாகக் கூப்பிட முடியாதபடி மூடினேன். லேப் புரோகிராம் தன் முடிவுகளை ஒரு ஃபைலில் எழுத்தாக எழுதி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். என் புரோகிராம் அதை எண்ணாக நம்பி வாங்காது. எழுத்தாகவே வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும். பெயர் சரியா, எண்ணில் புள்ளி இருக்கிறதா, கல்லில் இருக்கக்கூடிய அளவா. மூன்றும் சரியாக இருந்தால்தான் புள்ளி எண்ணாக மாற்றி உள்ளே விடும். இல்லையென்றால் எது தப்பு என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு நிற்கும். புள்ளியே இல்லாத எண்ணை ஏற்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தேன். யாரோ எங்கோ வெட்டிவிட்ட எண்ணாக அது இருக்கக்கூடும்.

பெரம்பலூர்க்காரர் தன் பழைய வழக்கப்படி ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய பகுதி எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடியது. என்னுடையது நின்றது. இரும்பில் புள்ளி இல்லை என்று அச்சடித்தது.

"மூணுக்கும் மூணு புள்ளி பூஜ்யத்துக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

"லேப் சீட்டப் பாருங்க."

பார்த்தார். மூன்று புள்ளி ஆறு என்று இருந்தது. பிறகு தன் புரோகிராமில் அந்த ஒரு பெயரை மட்டும் அறிவித்துவிட்டு மறுபடி ஓட்டினார். தாள் வந்தது. அளவுகள் எல்லாம் வழக்கம்போல இருந்தன.

"மத்த பேரையெல்லாம் அறிவிக்கச் சொல்லி ஆபீசர் வருவாரா?"

"வர மாட்டாரு. உங்களுக்கு வேணும்னு தோணுனா நீங்களே அறிவிங்க."

அதற்கப்புறம் டெர்மினலுக்கு உறை போடும் வழக்கம் லேபில் நின்றுபோனது. அவர் நேரடியாகப் பாராட்டியதில்லை. தப்பு எண்ணைப் போட்டு என் புரோகிராம் நிறுத்திவிட்டால் போன் செய்து திட்டுவார். திட்டிவிட்டு, "சரி, போட்டுட்டேன், இப்ப ஓடுது" என்று வைத்துவிடுவார். நாற்பத்து மூன்று புள்ளி எட்டுக்குப் பதில் யாரோ நாலு புள்ளி மூன்று எட்டு என்று அடித்தபோதும் அது நிறுத்தியது. அன்று மட்டும் அவர் திட்டவில்லை.

ஆலை நோட்டீஸை வாபஸ் வாங்கிய கடிதம் அண்ணன் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதையும் என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். எல்லாவற்றையும் அவனுக்கு விளக்க முயன்றேன். எல் எழுத்து, ஐ எழுத்து என்று கொஞ்ச தூரம் கேட்டான்.

"முதல் எழுத்தப் பாத்து ஆள எடை போடுற மாதிரியா?"

"அப்படித்தான்ணே."

"அந்தப் புத்திய மாத்திட்டியா?"

"சூளைக்குப் போறதுல மாத்திட்டேன்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.

அடுத்த மாதம் அதிகாரி ஸ்டோர்ஸ் புரோகிராம்களையும் சம்பளப் புரோகிராம்களையும் கட்டாக அச்சடித்து என் மேஜையில் வைத்தார். எவற்றுக்குக் கண்டிப்பு வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று நீயே பார்த்துச் சொல் என்றார். சம்பளத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே அறிவிக்காத பெயர்கள் வரிசையாக நின்றன. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.